பச்சை வட்டத்தின் பின்னால்: மளிகைச் செயலிகள் மதிப்பெண் போடும் விதம்

கடை அலமாரியின் முன் நின்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்திலுள்ள கறுப்புக் கோடுகளுக்கு (பார்கோடு) நேராக, உணவுக்கு மதிப்பெண் போடும் செயலி உள்ள கைப்பேசியைப் பிடித்தால், ஒரு நொடிக்குள் திரையில் ஒரு வண்ண வட்டமோ எழுத்தோ நட்சத்திரமோ தோன்றுகிறது. பச்சை வந்தால் பொட்டலம் கூடைக்குள் போகிறது; சிவப்பு வந்தால் பெரும்பாலும் அலமாரிக்கே திரும்புகிறது. இடைப்பட்ட அந்த நொடிக்குள் தேடல், கணக்கு, தீர்ப்பு என மூன்று வேலைகள் நடந்து முடிகின்றன; மூன்றிலும் பிழை நுழையும் வழி வெவ்வேறு. இச்செயலிகள் பயனற்றவை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 'இந்த இரண்டு பொட்டலங்களில் எது பரவாயில்லை?' என்ற சிறிய கேள்விக்கு அவை தரும் விடையை, 'நான் எதைச் சாப்பிட வேண்டும்?' என்ற பெரிய கேள்விக்கான விடையாக நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் சிக்கல்.

முதலில் அந்தக் கோடுகள். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு பல்பொருள் அங்காடியின் கல்லாவில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் மேலிருந்த பார்கோடு முதன்முறையாக விற்பனைக்காக வாசிக்கப்பட்டது. கல்லாவில் வரிசை வேகமாக நகர வேண்டும், கையிருப்புக் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக உருவான ஏற்பாடு அது. இன்று உலகின் பெரும்பகுதியில் புழங்கும் 13 இலக்க எண்ணில், தொடக்க இலக்கங்கள் அந்த எண்ணை வழங்கிய அமைப்பையும், அடுத்து வருபவை நிறுவனத்தையும் பொருளையும் குறிக்கின்றன. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கானது: முந்தைய 12 இலக்கங்களையும் மாறிமாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுசெல்ல எவ்வளவு வேண்டுமோ அதுவே அந்த இலக்கம். (தொடக்க இலக்கங்களைப் பார்த்துப் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று கண்டுபிடிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை, அவை காட்டுவது நிறுவனம் எங்கே பதிவு செய்துகொண்டது என்பதை மட்டுமே.) சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற எந்தச் செய்தியும் அந்தக் கோடுகளுக்குள் கிடையாது. அது ஓர் அடையாள எண், அவ்வளவே.

ஆகவே செயலி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு தரவுத்தளத்துக்குப் போகிறது. அந்தத் தரவுகளை யார் நிரப்பினார்கள் என்பதைப் பொறுத்தே பிறகு வரும் எல்லாமும் அமைகின்றன. இத்துறையில் பெரிய திறந்த தரவுத்தளம் 2012-இல் பிரான்சில் தொடங்கிய 'ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்'. விக்கிப்பீடியாவைப் போலவே தன்னார்வலர்கள் பொட்டலத்தின் முன்பக்கம், சேர்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை ஆகியவற்றைப் படம்பிடித்து ஏற்ற, முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் தரவுகளை எவரும் எடுத்துத் தங்கள் செயலியில் பயன்படுத்தலாம். வேறு சில செயலிகள் தங்கள் தரவுகளைத் தாங்களே திரட்டுகின்றன, அல்லது உற்பத்தியாளர்களிடமிருந்து நேரடியாகப் பெறுகின்றன. எந்த வழியில் வந்தாலும், மூலச்சான்று பொட்டலத்தின் மேல் அச்சடிக்கப்பட்ட அட்டவணைதான். செயலி எந்த உணவையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்ப்பதில்லை.

அச்சடிக்கப்பட்டதை வாசிப்பதிலேயே வழுக்கும் இடங்கள் பல. சில நாடுகளின் அட்டவணை சோடியம் என்று எழுதுகிறது, சில நாடுகளில் உப்பு என்று எழுத வேண்டும். 1 கிராம் சோடியம் ஏறத்தாழ 2.5 கிராம் உப்புக்குச் சமம் என்பதால், ஒன்றின் கட்டத்தில் மற்றொன்று பதிவாகிவிட்டால் மதிப்பு இரண்டரை மடங்கு ஏறியோ இறங்கியோ போகும். கிலோகலோரிக்கும் கிலோஜூலுக்கும் இடையே 4.184 மடங்கு வேறுபாடு உண்டு. அமெரிக்க விதிப்படி ஒருமுறை உண்ணும் அளவில் டிரான்ஸ் கொழுப்பு 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அட்டவணையில் அது '0' என்றே அச்சாகும். செயலியும் அதைப் பூஜ்யம் என்றே படித்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உற்பத்தியாளர் செய்முறையைச் சற்று மாற்றினாலும் பார்கோடு மாறாமலே இருப்பது வழக்கம். புதிய பொட்டலத்தை யாராவது மறுபடி படம்பிடிக்கும்வரை செயலி பழைய உணவுக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும்.

இனி கணக்கு. இதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்பது நல்லது. செயலிகள் பலவும் சார்ந்திருக்கும் முறை 'நியூட்ரி-ஸ்கோர்'. பிரிட்டனின் உணவுத் தர அமைப்புக்காக உருவாக்கப்பட்ட ஒரு புள்ளி முறையை அடிப்படையாகக் கொண்டு, செர்ஜ் ஹெர்ச்பெர்க் தலைமையிலான ஆய்வாளர்கள் வடிவமைத்த இதைப் பிரான்ஸ் 2017-இல் ஏற்றுக்கொண்டது. ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து எழுத்துகள். கரும்பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். 100 கிராமுக்கு எவ்வளவு ஆற்றல், சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் என்று பார்த்துக் கெட்ட புள்ளிகள் தரப்படும். நார்ச்சத்து, புரதம், பழம், காய்கறி ஆகியவற்றுக்கு நல்ல புள்ளிகள் தந்து அதிலிருந்து கழிக்கப்படும்.

ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். அதன் அட்டவணையில் 100 கிராமுக்கு 2,000 கிலோஜூல் ஆற்றல், 24 கிராம் சர்க்கரை, 8.5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 400 மில்லிகிராம் சோடியம், 3 கிராம் நார்ச்சத்து, 7 கிராம் புரதம் என்று இருப்பதாக வைத்துக்கொண்டு, 2017-இன் விதிகளைப் போட்டுப் பார்க்கலாம். ஆற்றலில் ஒவ்வொரு 335 கிலோஜூலைத் தாண்டும்போதும் ஒரு புள்ளி என்பதால் 5. சர்க்கரையில் ஒவ்வொரு 4.5 கிராமுக்கும் ஒன்று என்பதால் 5. நிறைவுற்ற கொழுப்பில் கிராமுக்கு ஒன்றாக 8. சோடியத்தில் 90 மில்லிகிராமுக்கு ஒன்றாக 4. கெட்ட புள்ளிகள் மொத்தம் 22. நார்ச்சத்துக்கு 3 நல்ல புள்ளிகள் கிடைக்கின்றன. புரதத்துக்கு 4 கிடைத்திருக்க வேண்டும். ஆனால் கெட்ட புள்ளிகள் 11-ஐத் தொட்டுவிட்டால், பழமும் காய்கறியும் மிகுதியாக இல்லாத பொருளுக்குப் புரதப் புள்ளியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த ஒன்று புரதத்தைக் காட்டித் தப்பிவிடக்கூடாது என்பதற்கான தடை அது. 22-இல் 3 போக மீதி 19. திட உணவுக்கு 11 முதல் 18 வரை டி, 19-உம் அதற்கு மேலும் ஈ. நம் பிஸ்கட் சிவப்பு.

இதே பிஸ்கட்டில் நார்ச்சத்து 3 கிராமுக்குப் பதில் 4 கிராம் இருந்தால் நல்ல புள்ளி 4 ஆகும், மொத்தம் 18 ஆகும், எழுத்து டி ஆகிவிடும். சோடியத்தை 400-லிருந்து 360 மில்லிகிராமாகக் குறைத்தாலும் அதே விளைவுதான். தரவு ஏற்றியவர் 0.4 கிராம் சோடியத்தைத் தவறிப்போய் உப்பின் கட்டத்தில் பதிந்துவிட்டாலோ, கணக்கு அதை 160 மில்லிகிராம் சோடியம் என்று எடுத்துக்கொள்ளும். மொத்தம் 16-ஆக இறங்கி, எந்தச் செய்முறை மாற்றமும் இல்லாமலேயே சிவப்பு ஆரஞ்சாகிவிடும். வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவது எழுத்தும் நிறமும் மட்டுமே. அந்தப் பொருள் நிற்பது எல்லைக்கோட்டின் ஓரத்திலா, ஆழத்திலா என்பது தெரியாது. அதனால்தான், எழுத்தை மட்டும் காட்டும் செயலியைவிட, எழுத்தைத் தொட்டால் உள்ளே இருக்கும் புள்ளிகளையும் அட்டவணையையும் விரித்துக் காட்டும் செயலியை நான் மதிக்கிறேன்.

விதிகளும் நிலையானவை அல்ல. 2023-இல் நியூட்ரி-ஸ்கோரின் கணக்கு திருத்தப்பட்டது. சர்க்கரைக்கும் உப்புக்கும் கண்டிப்பு கூடியது, ஆலிவ் எண்ணெய் சி-யிலிருந்து பி-க்கு ஏறியது, செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பானங்கள் இறங்கின. எண்ணெயில் ஒரு துளியும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சான்றுகள் சேரும்போது அளவுகோலைத் திருத்துவதே முறை. ஆனால் ஒரு செயலி பழைய கணக்கிலும் இன்னொன்று புதிய கணக்கிலும் ஓடும் காலத்தில், ஒரே பொட்டலத்துக்கு இரண்டு விடைகள் கிடைப்பதில் வியப்பில்லை.

100 கிராம் என்ற அடிப்படையும் கவனிக்கத்தக்கது. பொருள்களை ஒப்பிட அதைவிட நேர்மையான அலகு கிடையாது. 'ஒருமுறை உண்ணும் அளவு' என்பதை உற்பத்தியாளர் தம் வசதிப்படி சுருக்கிக்கொள்ள இடமிருக்கும் நாடுகளில், 25 கிராமுக்கு 6 கிராம் சர்க்கரை என்ற வரி 100 கிராமுக்கு 24 கிராம் என்பதைவிட மென்மையாகவே ஒலிக்கும். ஆயினும் யாரும் எண்ணெயை 100 கிராம் குடிப்பதில்லை, பழச்சாற்றை ஒரு கரண்டியோடு நிறுத்துவதும் இல்லை. ஆகையால் எண்ணெயின் எழுத்தைப் பழச்சாற்றின் எழுத்தோடு ஒப்பிடுவது பொருளற்றது. எண்ணெயை எண்ணெயோடும், தயிரைத் தயிரோடும், ரொட்டியை ரொட்டியோடும் ஒப்பிடும்போது மட்டுமே இம்மதிப்பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

மூன்றாவது வேலையான தீர்ப்பில்தான் செயலிக்குச் செயலி பெரிய வேறுபாடு. 2017-இல் பிரான்சில் வெளியாகிப் பல கோடிப் பேரைச் சென்றடைந்த 'யூகா' 100-க்கு மதிப்பெண் தருகிறது: அதில் 60 விழுக்காடு ஊட்டச்சத்துக்கு, 30 விழுக்காடு சேர்க்கைப் பொருள்களுக்கு (நிறமிகள், பதப்படுத்திகள் போன்றவை), 10 விழுக்காடு இயற்கை வேளாண்மைச் சான்றுக்கு. யூகாவை உருவாக்கியவர்கள் மிகுந்த ஆபத்துள்ளதாகக் கருதும் சேர்க்கைப் பொருள் ஒன்று இருந்தாலே மதிப்பெண் 49-ஐத் தாண்டாது. ஏன் 60, ஏன் 30, ஏன் 10? ஊட்டச்சத்தில் பாதி அளவுக்குச் சேர்க்கைப் பொருள் முக்கியம் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. அது அதை வடிவமைத்தவர்களின் முடிவு. இயற்கை வேளாண்மைச் சான்று ஒரு பொருளின் சர்க்கரையையோ உப்பையோ ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சேர்க்கைப் பொருள்களின் எண்களைக் கண்டவுடன் ஏற்படும் அச்சத்துக்கும் அளவு வேண்டும். ஐரோப்பிய முறையில் சேர்க்கைப் பொருள்களின் எண்கள் 'ஈ' என்று தொடங்கும் (நியூட்ரி-ஸ்கோரின் ஈ-க்கும் இதற்கும் தொடர்பில்லை). அதில் ஈ-300 என்பது வைட்டமின் சி-யேதான். ஈ-330 எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். ஈ-100 மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின். எண் என்பது மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஒரு பொருள் என்பதைக் காட்டுகிறதே தவிர, விஷம் என்பதை அல்ல. மறுபுறம், ஈ-171 என்ற டைட்டானியம் டை-ஆக்சைடை 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை செய்தது. பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கும் நைட்ரைட்டு பற்றிய எச்சரிக்கைக்காக யூகாவின் மீது பிரெஞ்சு இறைச்சித் தொழில் அமைப்பு வழக்குத் தொடுத்து, 2021-இல் கீழமை நீதிமன்றத்தில் வென்றது. பின்னர் மேல்முறையீட்டில் தீர்ப்புகள் செயலியின் பக்கம் திரும்பின. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைத்தது உண்மை. அந்த வகுப்பு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. இந்த நுணுக்கத்தை ஒரு சிவப்புப் புள்ளிக்குள் அடைக்க முடியாது.

இன்னொரு அளவுகோல் முற்றிலும் வேறு திசையிலிருந்து வருகிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்தெய்ரோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'நோவா' வகைப்பாடு, உணவில் என்ன சத்து இருக்கிறது என்று கேட்பதில்லை. அது எவ்வளவு தூரம் பதப்படுத்தப்பட்டது என்றே கேட்கிறது. நான்கு வகுப்புகளில் கடைசியானது, வீட்டுச் சமையலறையில் காணக்கிடைக்காத பொருள்களைக் கூட்டித் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் மிகைப்பதனிட்ட உணவு. செயற்கை இனிப்பூட்டி கலந்த, சர்க்கரையற்ற ஒரு குளிர்பானம் நியூட்ரி-ஸ்கோரின் பழைய கணக்கில் பி பெற்றது. நோவாவில் அது நான்காம் வகுப்பு. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் பரிந்துரைத்ததையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே பானம் மூன்று மேசைகளில் மூன்று விதமாக மதிக்கப்படுவது புரியும். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் நியூட்ரி-ஸ்கோரையும் நோவாவையும் கலக்காமல் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. பார்ப்பவருக்குச் சற்றுக் குழப்பம்தான். ஆனால் எனக்கு அதுவே கூடுதல் நேர்மையாகப் படுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, செயலியைப் பயன்படுத்துவோர் உண்மையில் நல்ல பொருள்களை வாங்குகிறார்களா? நியூசிலாந்தில் நடந்த 'ஸ்டார்லைட்' என்ற சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு (பங்கேற்பவர்களைக் குலுக்கல் போலக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுவது) 2017-இல் வெளியானது. அதில் 1,357 பேர் நான்கு வாரங்கள் கைப்பேசியால் பார்கோடுகளை ஸ்கேன் செய்தார்கள். சிலருக்குப் போக்குவரத்து விளக்கு நிறங்களும், சிலருக்கு நட்சத்திரங்களும், சிலருக்கு வழக்கமான ஊட்டச்சத்து அட்டவணையும் திரையில் வந்தன. வாங்கிய பொருள்களின் ஒட்டுமொத்தத் தரத்தில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அடிக்கடி ஸ்கேன் செய்தவர்களிடம் மட்டும், நிறமும் நட்சத்திரமும் சற்று நல்ல பொருள்களின் பக்கம் தள்ளின. அதே நாட்டில் இதயநோய் உள்ள 66 பேரிடம் நடந்த 'சால்ட்ஸ்விட்ச்' ஆய்வு, உப்பு குறைந்த மாற்றுப் பொருளைச் சுட்டும் செயலியைக் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் வீட்டுக்கு வாங்கிச் சென்ற பொருள்களில் உப்பு குறைந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று தோன்றுகிறது. 'ஆரோக்கியமாக வாங்க வேண்டும்' என்ற பொதுவான விருப்பத்தோடு வருபவருக்குச் செயலி அதிகம் உதவுவதில்லை. 'என் இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்க வேண்டும்' என்று ஒற்றை நோக்கத்தோடு வருபவருக்கு, அதே அலமாரியில் உப்பு குறைந்த பொட்டலத்தைக் காட்டிக்கொடுப்பதில் அது கெட்டிக்காரத் துணை.

அந்த ஒற்றை நோக்கத்துக்கு எண்கள் கைவசம் இருப்பது நல்லது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சர்க்கரையையும் உள்ளடக்கிய 'கட்டற்ற சர்க்கரை' மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், 2,000 கிலோகலோரி உண்பவருக்குச் சுமார் 50 கிராமுக்குள், இருக்க வேண்டும். அதில் பாதிக்குக் குறைத்தால் இன்னும் நல்லது. சர்க்கரைக்கு எல்லை வகுத்துக்கொண்டவர் சேர்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கும். எடை மிகுந்தது முதலில் வரும் அப்பட்டியலில் சர்க்கரை நான்காவதாக இருக்க, குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், செறிவூட்டிய பழச்சாறு என்ற பெயர்களில் அதன் உறவினர்கள் பின்னால் வரிசையாக நிற்பதுண்டு. நால்வரையும் கூட்டினால் முதலிடத்துக்கு வந்துவிடக்கூடும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: அவர்கள் செயலியை நம்பி வாங்கவே கூடாது. பழைய படத்தை வைத்து 'நிலக்கடலை இல்லை' என்று செயலி சொல்லிவிடலாம். கையிலிருக்கும் பொட்டலத்தின் எழுத்துக்கே கடைசி அதிகாரம். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்கான உணவு வரம்பை ஒரு பொதுவான பச்சை வட்டம் அறியாது. பொட்டாசியம் அளவாகக் கொள்ள வேண்டிய ஒருவருக்கு, சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பைச் சேர்த்து நல்ல மதிப்பெண் வாங்கிய பொருள் தீங்காகவே முடியலாம். நாள்தோறும் ஸ்கேன் செய்யும் பட்டியல் ஒருவருடைய நோய், கருத்தரிப்பு, மதுப்பழக்கம் எல்லாவற்றையும் ஊகிக்கப் போதுமானது என்பதும், மருத்துவ இரகசியத்தைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலும் மருத்துவரையும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்துமே தவிரச் செயலியை அல்ல என்பதும், நிறுவும்போது இருப்பிட அனுமதி கேட்கும் திரையில் யாரும் நினைத்துப் பார்க்காதவை.

பார்கோடு இல்லாத உணவுகள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன என்பதை நான் என் சமையலறை அலமாரியை முழுவதுமாக ஸ்கேன் செய்ய உட்கார்ந்த நாளில்தான் உணர்ந்தேன். அரை மணி நேரத்தில் பொட்டலங்கள் அனைத்தும் மதிப்பெண் பெற்றுவிட்டன. கூடையிலிருந்த காய்களும் பழங்களும், டப்பாவில் கொட்டி வைத்த பருப்பும், நான் நாள்தோறும் அதிகம் உண்பவை, செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் எங்குமே இல்லை. பச்சைப் பொட்டலங்களைச் சேர்ப்பதையே குறிக்கோளாகக் கொண்டவர் இன்னும் அதிகப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டிருப்பார், திரையும் அவரைப் பாராட்டிக்கொண்டே இருக்கும்.

வாங்குபவரின் கையில் இச்செயலிகள் ஏற்படுத்தும் மாற்றத்தைவிட, தயாரிப்பவரின் ஆலையில் ஏற்படுத்தும் மாற்றம் பெரிதாக இருக்கலாம். 2019-இல் பிரெஞ்சு அங்காடித் தொடரான அந்தெர்மார்ஷே, தன் சொந்தப் பெயரில் விற்கும் 900 பொருள்களின் செய்முறையை மாற்றி 142 சேர்க்கைப் பொருள்களை நீக்கப்போவதாக அறிவித்தது; செயலிகளில் தங்கள் மதிப்பெண் உயர வேண்டும் என்பதை அது மறைக்கவும் இல்லை. சிலி நாட்டிலும், சர்க்கரை, சோடியம் போன்றவை மிகுந்த பொட்டலங்களின் மேல் 2016-இல் சட்டப்படி வந்த கறுப்பு எண்கோண எச்சரிக்கைகளுக்குப் பிறகு, சர்க்கரையும் சோடியமும் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கும் அளவுக்குப் பல பொருள்கள் மாற்றி அமைக்கப்பட்டன. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: அளவுகோல் எங்கே கோடு கிழிக்கிறதோ, செய்முறை அந்தக் கோட்டை நோக்கி நகர்கிறது. 19 புள்ளி வாங்கிய நம் பிஸ்கட்டுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. உப்பில் 40 மில்லிகிராம் சோடியத்தைக் குறைத்து 18-க்கு வரலாம். அது உண்பவருக்கும் நல்லது. அல்லது சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் என்ற நாரை 100 கிராமுக்கு ஒரு கிராம் கூட்டி, 24 கிராம் சர்க்கரையையும் 8.5 கிராம் கொழுப்பையும் அப்படியே வைத்துக்கொண்டும் 18-க்கு வரலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் திரை டி என்றே காட்டும், அதுவும் யாராவது அந்தப் புதிய பொட்டலத்தைத் திருப்பி மறுபடி படம்பிடித்த பிறகு.